பார்சல் உங்கள் வீட்டுக்கு, பெயர் மட்டும் யாருடையதோ

வாசகர் கேள்வி–பதில்

வீட்டிலிருந்தபடியே பார்சல் வாங்கி அனுப்பும் 'வேலை' பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த முறை முழுப் பகுதியும் போய்விட்டது. கேட்டவர்கள் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: 'ஷிப்பிங் ஒருங்கிணைப்பாளர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். நேர்காணல் சாட்டிலேயே முடிந்தது. வீட்டுக்கு வரும் பார்சலைப் பிரித்து, போட்டோ எடுத்து, அவர்கள் மெயிலில் அனுப்பும் லேபிளை ஒட்டி வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டும். இதுவரை 11 பார்சல் அனுப்பிவிட்டேன். 2 வீட்டில் இருக்கின்றன. மாதம் முடிந்ததும் சம்பளம் என்கிறார்கள். எந்தப் பார்சலிலும் என் பெயர் இல்லாதது உறுத்துகிறது. இது நியாயமான வேலைதானா?

பதில்: இல்லை, சகோதரி. திருட்டுக் கார்டில் வாங்கிய பொருளைக் கைமாற்றிவிடும் மோசடி இது. வீட்டில் இருக்கும் 2 பார்சலும் இனி அவர்கள் சொல்லும் முகவரிக்குப் போகக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்து செய்ய வேண்டியதும் புரியும். திருடப்பட்ட கிரெடிட் கார்டு எண்ணை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது. அதற்குக் கார்டும் அதன் ரகசிய எண்ணும் (PIN) வேண்டும். ஆகவே போன், லேப்டாப், கேமரா போல உடனே விற்கக்கூடிய பொருளை ஆன்லைனில் வாங்குகிறார்கள். வெளிநாட்டு முகவரிக்குப் போகிற ஆர்டரையும், முன்பு மோசடி நடந்த முகவரிக்குப் போகிற ஆர்டரையும் கடைகள் நிறுத்திச் சரிபார்க்கும். கார்டு எந்த நாட்டுடையதோ அதே நாட்டில், ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டு முகவரி என்றால் ஆர்டர் சிக்கலில்லாமல் போய்விடும். உங்களிடமிருந்து அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த முகவரிதான். பார்சல் மேல் இருக்கும் பெயர் பெரும்பாலும் பணத்தைப் பறிகொடுத்த கார்டுக்காரருடையது. 'வாடிக்கையாளர் பெயர்' என்று இவர்கள் வழக்கமாகச் சொல்வது இதைத்தான்.

சம்பளமும் வராது. கார்டுக்காரர்கள் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் புகார் கொடுக்கக் கொடுக்க, உங்கள் முகவரி கடைகளின் தடைப்பட்டியலில் ஏறும். அப்புறம் அந்த முகவரியால் அவர்களுக்குப் பயனில்லை. முதல் சம்பள நாள் நெருங்கும்போது அவர்கள் தளத்தின் லாகின் வேலை செய்யாமல் போவதும், 'மேலாளர்' பதில் சொல்லாமல் போவதும் அதனால்தான். 'முதல் மாதம் சோதனைக்காலம், சம்பளம் கடைசியில்' என்று வைப்பதே இந்தக் கணக்கில்தான். இதை ஏதோ சில்லறை ஏமாற்று என்று எண்ண வேண்டாம். 2015-ல் இப்படிப்பட்ட தளங்களின் உள்விவரங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், இதில் ஆண்டுக்குச் சுமார் 180 கோடி டாலர் புரள்வதாக மதிப்பிட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ஆதாரத்தை எடுங்கள். அதுவரை அவர்களிடம் சண்டை போடாதீர்கள், சந்தேகம் வந்ததையும் காட்டிக்கொள்ளாதீர்கள். அடுத்து, வழியில் இருக்கும் பார்சல்களை நிறுத்தப் பாருங்கள். அதே நாளில் போலீஸ் புகார். பிறகு வங்கி. இவை ஒவ்வொன்றையும் பற்றி மற்ற வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். கீழே விரிவாகச் சொல்கிறோம்.

கேள்வி: ஆதாரம் என்றால் எதை எடுத்து வைப்பது? என்னிடம் இருப்பது சாட்டும் சில மெயில்களும்தான்.

பதில்: அந்த சாட்டிலிருந்தே தொடங்குங்கள், ஏனென்றால் முதலில் காணாமல் போவது அதுதான். டெலிகிராம் உரையாடலை எதிராளி எப்போது நினைத்தாலும் இரண்டு பக்கத்திலும் அழித்துவிட முடியும். வாட்ஸ்அப்பிலும் அனுப்பிய செய்தியை சுமார் 2 நாள் வரை எல்லோருக்குமாக அழிக்கலாம். போனின் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை ஆன் செய்து, முதல் செய்தியிலிருந்து கடைசி வரை மெதுவாக நகர்த்துங்கள். அவர்களின் புரொஃபைலைத் திறந்து எண்ணும் பயனர் பெயரும் தெரியும்படி தனியாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வெறும் சாட் படத்தில் அவர்கள் வைத்த பெயர்தான் தெரியும், எண் தெரியாது. அது போலீஸுக்குப் பயன்படாது.

'பணியாளர் டேஷ்போர்டு' என்று ஏதாவது இணையப் பக்கம் கொடுத்திருந்தால், முகவரிப் பட்டையும் படத்தில் விழும்படி ஒவ்வொரு பக்கத்தையும் எடுங்கள். எந்தப் பார்சல் எப்போது வந்தது, எங்கே போனது என்ற முழுப் பட்டியலும் அங்கேதான் இருக்கும். உங்கள் கணக்கை மூடிவிட்டால் அது போய்விடும். மெயில்களை ஃபார்வர்டு செய்தால் போதாது. 'ஒரிஜினலைக் காட்டு' என்ற வசதியில் முழுத் தலைப்பு விவரங்களோடு டவுன்லோட் செய்யுங்கள். எந்த சர்வர் வழியாக வந்தது என்பது அதில்தான் இருக்கும்.

அடுத்து பார்சல். ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள், லேபிளை மட்டும் கிட்டத்தில் இன்னொரு முறை. பார்கோடின் கீழுள்ள டிராக்கிங் எண் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஏற்கெனவே பிரித்த பார்சல் என்றால் உள்ளே உள்ள இன்வாய்ஸ் தாளைத் தேடுங்கள். பில்லிங் முகவரி என்ற இடத்தில் ஒரு பெயரும் ஊரும், டெலிவரி முகவரி என்ற இடத்தில் அதே பெயரோடு உங்கள் வீட்டு எண்ணும் இருந்தால், மோசடி அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். எல்லாக் கடையும் இன்வாய்ஸ் வைப்பதில்லை, அதனால் இல்லை என்றாலும் கவலை வேண்டாம். போன் பெட்டி என்றால் வெளிப்புற ஸ்டிக்கரிலேயே அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் (ஐஎம்இஐ, IMEI) அச்சாகியிருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். பிரிக்காத பார்சலை இதற்காகப் பிரிக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பார்சல்களுக்கு அவர்கள் தந்த லேபிள் பிடிஎஃப்களையும், கூரியர் கவுன்டரில் கிடைத்த ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். பிறகு ஒரே தாளில் அட்டவணை: வந்த தேதி, கடை, உள்வரும் டிராக்கிங் எண், லேபிளில் இருந்த பெயர், என்ன பொருள், அனுப்பிய தேதி, வெளிச்சென்ற டிராக்கிங் எண், போன முகவரி. விசாரணை அதிகாரி முதலில் கேட்பதும் இதைத்தான், கடையின் மோசடிப் பிரிவு கேட்பதும் இதைத்தான். பார்சலுக்கு ஒரு வரி எழுதினால் போதும். நினைவில்லாத இடத்தைக் காலியாக விடுங்கள். தோராயமாக நிரப்ப வேண்டாம்.

கேள்வி: நேற்று அனுப்பிய பார்சல் இன்னும் வழியில் இருப்பதாக டிராக்கிங் காட்டுகிறது. திரும்பப் பெற முடியுமா?

பதில்: முயன்றே ஆக வேண்டும், அதுவும் மணிக்கணக்கில் தள்ளிப் போடாமல். உள்நாட்டில் இருக்கும் வரையிலும், சுங்கத்தைத் தாண்டாத வரையிலும் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

கூரியர் நிறுவனத்துக்கு போன் செய்து 'என் பார்சலைத் திருப்ப வேண்டும்' என்று மட்டும் கேட்டால், லேபிள் வாங்கிய கணக்கு உங்களுடையது இல்லை என்று மறுத்துவிடக்கூடும். 'இது மோசடியில் வாங்கிய பொருள், லேபிளும் திருட்டுக் கார்டில் வாங்கியதாக இருக்கலாம், பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றுங்கள்' என்று சொல்லுங்கள். லேபிளுக்கான பணம் வராமல் போனால் அது அவர்களுக்கும் நஷ்டம், ஆகவே காது கொடுப்பார்கள். டிராக்கிங் எண்ணைச் சொல்லி, புகார் எண் கேட்டு வாங்குங்கள். கூடவே, பொருள் வந்த கடையின் மோசடிப் பிரிவுக்கும் தகவல் கொடுங்கள்; உண்மையான உரிமையாளர் அவர்கள்தான் என்பதால் அவர்கள் கேட்டால் பார்சல் நிற்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தால் சுங்கப் படிவத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். புதிய போனை 'பழைய துணி' என்றோ 'அன்பளிப்பு' என்றோ குறைந்த விலை போட்டு எழுதச் சொல்வது இவர்கள் வழக்கம். அனுப்புநர் கையெழுத்து உங்களுடையது. இதைப் புகாரில் நீங்களே சொல்லிவிடுங்கள். பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்தால் மறைத்ததாக ஆகிவிடும்.

கேள்வி: ஒரு மாதம் உழைத்தேன், சம்பளம் தரவில்லை. கையில் ஒரு லேப்டாப் பார்சல் இருக்கிறது. சம்பளம் வரும் வரை அதைப் பிடித்து வைக்கலாமா?

பதில்: கூடாது. அது அவர்களுடைய பொருளும் இல்லை, உங்களுடையதும் இல்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்த பிறகு வைத்திருந்தாலோ விற்றாலோ, இதுவரை ஏமாந்தவராக இருந்த நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். உழைப்பு வீணானது வேதனைதான். அதற்கு ஈடாக இதைத் தொடாதீர்கள்.

திருப்பித் தரும் வழி: போலீஸில் புகார் கொடுக்கும்போதே, பொருளை ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டால் எழுத்தில் ரசீது வாங்குங்கள். வேண்டாம் என்றால் கடையைத் தொடர்புகொண்டு, அவர்கள் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடையின் எண்ணை அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் நீங்களே தேடி எடுங்கள்; மோசடிக்காரர் கொடுத்த எண்ணோ லேபிளோ வேண்டாம். பிரிக்காத பார்சல் என்றால் கொண்டுவந்த கூரியரிடமோ தபால் நிலையத்திலோ 'ஏற்க மறுப்பு, அனுப்புநருக்கே திருப்பவும்' என்று சொல்லித் திருப்பலாம். இனி வரும் பார்சல்களையும் வாசலிலேயே இப்படி மறுத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார்கள்.

கேள்வி: அனுப்புவதை நிறுத்திவிட்டேன். 'கம்பெனி சொத்தைத் திருடியதாகப் போலீஸில் புகார் கொடுப்போம், ஆள் அனுப்புவோம்' என்று மிரட்டுகிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் இயல்பானதுதான், அவர்களிடம் உங்கள் முகவரி இருக்கிறதே. ஆனால் திருட்டுப் பொருளுக்காக அவர்கள் போலீஸுக்குப் போக முடியாது. வக்கீல் நோட்டீஸ் போல, நீதிமன்ற முத்திரையோடு வரும் பிடிஎஃப்களும் அவர்கள் தயாரித்தவைதான். எந்த மிரட்டலுக்கும் பதில் எழுதாதீர்கள். எழுதினால் இன்னும் பேச்சுக்கு மடங்குவார் என்று தெரிந்துகொண்டு விடாமல் தொந்தரவு செய்வார்கள். ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து முன்பு கொடுத்த புகாரோடு சேர்க்கச் சொல்லுங்கள், பிறகு எண்ணை பிளாக் செய்யுங்கள்.

யாராவது 'பார்சல் எடுக்க வந்தேன்' என்று வாசலில் நின்றால் கதவைத் திறக்க வேண்டாம், பார்சலைக் கொடுக்கவும் வேண்டாம். அவசர எண்ணில் போலீஸை அழையுங்கள். அப்படி வருபவர், ஒன்றும் தெரியாமல் அமர்த்தப்பட்ட டெலிவரி ஆளாகவும் இருக்கலாம். அவரோடு வாக்குவாதம் வேண்டாம்.

கேள்வி: செலவுத் தொகை என்று காசோலை அனுப்பினார்கள். கணக்கில் பணம் ஏறிவிட்டது. அதில் ஒரு பகுதியை 'லேபிள் சப்ளையருக்கு' அனுப்பச் சொல்கிறார்கள். பணம் வந்துவிட்டதே, அனுப்பினால் என்ன?

பதில்: அனுப்பாதீர்கள். கணக்கில் தொகை தெரிவது ஒன்று, காசோலை தேறுவது வேறொன்று. பல நாடுகளில் காசோலை தேறும் முன்பே வங்கி பணத்தைக் கணக்கில் காட்டிவிடும். அது போலி என்று தெரியவர வாரக்கணக்கில் ஆகலாம். தெரிந்ததும் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமிருந்து பிடித்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பியது போனது போனதுதான். காசோலைக்குப் பதில் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து பணம் வந்து ஏறியிருந்தால் இன்னும் மோசம். அது வேறொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கும். அதைக் கைமாற்றினால் பணமோசடி வழக்கில் உங்கள் கணக்கு முடங்கும். இன்றே வங்கிக்குப் போய் எழுத்தில் தெரிவித்து, அந்தத் தொகையைத் தொடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலையில் சேரும்போது அடையாள அட்டை, அதைக் கையில் பிடித்த செல்ஃபி, வங்கிக் கணக்கு எண் எல்லாம் கொடுத்துவிட்டேன்.

பதில்: அடையாள அட்டையும் செல்ஃபியும் சேர்ந்தால் உங்கள் பெயரில் ஆன்லைன் கணக்கு, சிம், கடன் மூன்றும் எடுக்க முடியும். அதனால் வங்கியில் கணக்கு எண்ணை மாற்றித் தரச் சொல்லுங்கள். நெட்பேங்கிங் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ பகிர்ந்திருந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவர்களின் டேஷ்போர்டுக்கு வைத்த அதே பாஸ்வேர்டு உங்கள் மெயிலுக்கும் இருந்தால் இந்தப் பத்தியைப் படித்து முடிக்கும் முன் மாற்றிவிடுங்கள்.

கடன் எடுப்பதைத் தடுக்கும் வழி நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் மூன்றிலும் தனித்தனியாகக் கிரெடிட் ஃப்ரீஸ் (உங்கள் பெயரில் புதுக் கடன் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு) போட வேண்டும். 2018 முதல் இதற்குக் கட்டணம் இல்லை. இந்தியாவில் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நிறுவனங்கள் பல இருப்பதால், எல்லாவற்றிலும் ஒரே நாளில் வாங்காமல் சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக வாங்கிப் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்காக யாராவது உங்கள் அறிக்கையைக் கேட்டிருப்பது தெரிந்தால் உடனே மறுப்பு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் எந்த வேலையிலும் சேரவில்லை. யாரோ பெயரில் என் வீட்டுக்குப் பார்சல் வந்தது. சிறிது நேரத்தில் 'தவறாக டெலிவரி ஆகிவிட்டது, ஆள் வந்து எடுத்துக்கொள்வார்' என்று போன் வந்தது.

பதில்: அதுவும் இதே மோசடியின் ஒரு கிளைதான். முகவரிக்காரரிடம் கேட்காமலே அவர் வீட்டைப் பயன்படுத்துகிறார்கள். போன் செய்தவரிடம் பொருளைக் கொடுக்காமல், கொண்டுவந்த கூரியரை நீங்களே அழைத்துத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். பார்சல் உங்கள் பெயரிலேயே வந்திருந்து, உள்ளே நீங்கள் ஆர்டர் செய்யாத புதுப் போன் இருந்தால் விஷயம் கொஞ்சம் வேறு: உங்கள் செல்போன் கணக்கில் யாரோ நுழைந்து உங்கள் செலவில் போன் வாங்கியிருக்கலாம். 'தவறான மாடல், இந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று செல்போன் நிறுவனம் போலவே பேசுவார்கள். பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்கள் அழைத்துக் கேட்கும் வரை அதை அசைக்காதீர்கள்.

கேள்வி: கணவரை இழந்த என் அக்கா, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் ஒருவரோடு மாதக்கணக்கில் பேசிவருகிறார். அவர் கேட்டார் என்று வீட்டுக்கு வரும் பார்சல்களை அனுப்பிவைக்கிறார். எடுத்துச் சொன்னால் கோபப்படுகிறார்.

பதில்: அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்று வாதாடாதீர்கள், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது, அக்காவும் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். பார்சலைப் பற்றி மட்டும் பேசுங்கள். 'இதில் இருக்கிற பெயர் யாருடையது அக்கா? கடைக்கே ஒரு போன் போட்டு ஆர்டர் நம்பரைச் சொல்லி கேட்டுப் பார்க்கலாமா?' என்று அவர் கையாலேயே அழைக்க வையுங்கள். 'இது மோசடி ஆர்டர்' என்று கடைக்காரர் சொல்வதற்கு இருக்கும் எடை உங்கள் வார்த்தைக்கு இருக்காது. வீடியோ காலில் முகம் காட்ட மறுப்பது, சந்திக்கும் நாள் நெருங்கும்போது விபத்து, சுங்கப் பிரச்சினை என்று ஏதாவது வருவது, இவையெல்லாவற்றையும் அக்காவே பின்னால் கோத்துப் பார்த்துக்கொள்வார். அவமானப்படுத்தாமல் பக்கத்தில் இருங்கள். புகார் கொடுக்கப் போகும்போது கூடவே போங்கள்.

கேள்வி: பார்சலை வாங்கி அனுப்பும் நிறுவனங்கள் சட்டப்படியும் இருக்கின்றனவே. எப்படி வித்தியாசம் தெரிவது?

பதில்: இருக்கின்றன. அங்கே பொருள் வாங்கியவரே வாடிக்கையாளர். தன் பெயரில் ஆர்டர் செய்து, நிறுவனத்தின் கிடங்கு முகவரிக்கு அனுப்பி, சேவைக்குத் தானே கட்டணம் கட்டுகிறார். எந்த உண்மையான நிறுவனமும் மூன்றாவது நபரின் வீட்டைக் கிடங்காக்குவதில்லை, வேறொருவர் பெயரில் வரும் பொருளை வாங்கச் சொல்வதில்லை. விளம்பரத்தில் இருப்பது அரசுப் பதிவில் உள்ள நிறுவனத்தின் பெயர் என்பதால் நம்பிவிடாதீர்கள். பெயரைத் திருடிப் போலித் தளம் போடுவார்கள். தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்பதை 'ஹூஇஸ்' (WHOIS) தேடலில் பாருங்கள். இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்லும் நிறுவனத்தின் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: புகாரை எங்கே கொடுப்பது? நானே போய்ச் சொன்னால் என்னையே கைது செய்துவிட மாட்டார்களா?

பதில்: இந்தியாவில் 1930 என்ற எண், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம். அமெரிக்காவில் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3 (IC3); தபாலில் வந்த பார்சல் என்றால் தபால் துறையின் போஸ்டல் இன்ஸ்பெக்‌ஷன் சர்வீஸ். சிங்கப்பூரில் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, மலேசியாவில் 997. கனடாவில் கனேடியன் ஆன்டி-ஃபிராட் சென்டர், ஆஸ்திரேலியாவில் ரிப்போர்ட்சைபர். எங்கே இருந்தாலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து, புகார் எண்ணோடு நகல் வாங்குங்கள். கடையும் வங்கியும் கூரியரும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

விசாரிக்கவே மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. பொருள் வந்தது உங்கள் வீட்டுக்கு, அனுப்பியது உங்கள் பெயரில். விசாரணையில் முக்கியமாகப் பார்ப்பது, இது திருட்டு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதை. அதனால்தான் சந்தேகம் வந்த நாளிலேயே நிறுத்தச் சொல்கிறோம். 'இன்னும் ஒன்றுதான்' என்று அனுப்பும் பார்சல், தெரிந்தே செய்ததாகக் கணக்காகும். அழைப்பாணை வந்தாலோ, சந்தேக நபர் என்று சொல்லி விசாரணைக்குக் கூப்பிட்டாலோ, வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள். அட்டவணையின் ஒரு நகலும் அனைத்து ஸ்க்ரீன்ஷாட்களும் வக்கீல் கையில் இருக்கட்டும். எந்தச் செய்தியையும், உங்களுக்குச் சங்கடமானதைக்கூட, அழிக்காதீர்கள்.

கேள்வி: புகார் கொடுத்த சில நாளில் ஒருவர் மெயில் செய்தார். சைபர் புலனாய்வாளராம். என் சம்பளப் பாக்கியை மீட்டுத் தருவதாகவும், முன்பணம் மட்டும் வேண்டும் என்றும் சொல்கிறார்.

பதில்: ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும்; அதே கும்பலோ, அவர்களிடம் பட்டியல் வாங்கிய வேறொரு கும்பலோ இப்படி வரும். போலீஸ் மீட்புக்குக் கட்டணம் கேட்காது. அந்த மெயிலையும் டவுன்லோட் செய்து, அதே புகார் எண்ணில் சேர்த்துவிடுங்கள்.